மழைக்காலத்துக்கு டயர் தேர்ந்தெடுப்பதும் மாற்ற வேண்டிய நேரத்தை அறிவதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நடுப்பகல் வரை வெயில் கொளுத்திவிட்டு, மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டும். மேற்குக் கரை மாநிலங்களில் பருவக்காற்று மாறுகின்ற ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சியாகிவிடும். ஆகவே நம் ஊரில் டயர் வாங்குபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்பதையன்று. ஈரச் சாலையில் எப்படிப் பிடிக்கும் என்பதையே.

குளிர்நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் வழக்கம் உண்டு. பனிக்கால டயரின் ரப்பர், 7 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் இறுகிவிடாமல் நெகிழ்ந்தே இருக்கும்படி கலக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள் முழுவதும் பனியைக் கவ்வுவதற்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்திருக்கும். மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978-இல் கேமரன் மலையில் பதிவான 7.8 பாகைதான் என்பதால், அந்த டயருக்கு இந்த நாட்டில் வேலையே இல்லை. இருந்தும் பழைய டயர் விற்கும் கடைகளில் அது எப்போதாவது தலைகாட்டும். பூ, அதாவது டயரின் வரிப்பள்ளம், ஆழமாகவும் விலை மலிவாகவும் இருக்கிறதே என்று நானே ஒருமுறை இரண்டு வாங்கி என் பழைய சாகா காரில் மாட்டினேன். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வளைவு திரும்பும்போதெல்லாம் வண்டி மெத்தையின் மேல் ஓடுவதுபோல் அசைந்தது. ஓராண்டு முடிவதற்குள் இரண்டும் மொட்டையாகிவிட்டன. விற்றவர் அந்த மலைச் சின்னத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கத் தெரியாமல் இருந்தேன்.

தோட்டத்துக்குள் போய்வரும் ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளின் டயர்களில் எம்+எஸ் என்ற குறி காணப்படும். அது சேற்றையும் பனியையும் குறிக்கிறது என்றாலும், பூவின் அமைப்பைப் பற்றிய குறிப்பே தவிர, பனிச்சோதனையில் தேறியதற்கான சான்று அன்று. செம்மண் சடக்குக்கு அத்தகைய டயர் ஏற்றதுதான். ஆனால் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போய்விட்டு, மற்ற நாளெல்லாம் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் ஓடுகின்ற வண்டிக்கு அகன்ற கட்டைகள் கொண்ட டயர் மாட்டுவது, இரைச்சலுக்கும் ஈரத் தாரில் குறைந்த பிடிப்புக்கும் காசு கொடுப்பதாகும்.

அளவைப் பொறுத்தவரை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதே இறுதி. 175/65 ஆர்14 82எச் என்று இருந்தால், டயரின் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, சக்கர வளையம் 14 அங்குலம், 82 என்ற சுமை எண்ணின்படி ஒரு டயர் தாங்கும் சுமை 475 கிலோ, எச் என்ற எழுத்தின்படி தாங்கும் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர் என்று பொருள். தாளில் உள்ள சுமை எண்ணை விடக் குறைந்த எண்ணுள்ள டயரை, அளவு பொருந்துகிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஈரப்பிடிப்பை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஐரோப்பிய முத்திரைத் தாள் ஒட்டியிருந்தால் அதில் மேகமும் மழைத்துளிகளும் வரைந்த கட்டத்தில் ஏ முதல் ஈ வரை தரம் குறிக்கப்பட்டிருக்கும். ஏ என்பதே சிறந்தது. பல டயர்களின் பக்கச்சுவரில் அமெரிக்க முறைப்படி தேய்மான எண்ணும், ஏஏ, ஏ, பி, சி என்ற பிடிப்புத் தரமும், வெப்பம் தாங்கும் தரமும் அச்சாகியிருக்கும். தேய்மான எண் பெரிதாக, அதாவது மெதுவாகத் தேய்வதாக, இருப்பதைக் காட்டியே கடைகளில் டயர் விற்கிறார்கள். நெடுநாள் உழைப்பதற்காக இறுக்கமாகக் கலக்கப்பட்ட ரப்பர், பெரும்பாலும் ஈரத்தில் அதற்கு விலை கொடுக்கும். எண் சற்றுச் சிறிதாயினும் பிடிப்பில் ஏஏ அல்லது ஏ உள்ளதையே நான் எடுப்பேன்.

இனி மாற்றும் நேரம். மலாய்க்காரர்கள் டயரின் வரிப்பள்ளங்களைப் பூ என்பார்கள்; நமக்கும் அந்தச் சொல் வசதியாக இருக்கிறது. புதிய கார் டயரின் பூ ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளங்களுக்கு அடியில் குறுக்காக நிற்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. பூ தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைக்கு அந்த எல்லை வரை காத்திருக்கலாகாது. சாலையில் தேங்கிய நீரை டயர் தன் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ளியாக வேண்டும். ஆழம் குறையக் குறைய தள்ளப்படாத நீர் டயருக்கு அடியில் ஆப்புபோல் நுழைந்து வண்டியைத் தூக்கிவிடும், அந்நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. ஆகவே 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. மழையில் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய இறக்கத்தில் செம்பனை லாரிகளுக்கு நடுவே இறங்கியவர்களுக்கு இந்த 1.4 மில்லிமீட்டர் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆழம் அளக்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கும். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி, இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட் கெட்டிருக்கிறது.

நம் ஊரில் பலரை ஏமாற்றுவது தேய்மானம் அன்று, வயது. ஓய்வு பெற்றவர்களின் கார் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே போய்வந்து, மற்ற நேரமெல்லாம் வாசலில் வெயில் காயும். ஆறேழு ஆண்டுகள் ஆன பின்னும் பூ புதிதுபோலவே தெரியும். ரப்பர் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன் ஆகியவற்றாலும் உள்ளுக்குள்ளேயே கெட்டிப்படும் பொருள் என்பதைப் ரப்பர் பால்மரத்துக்கு நடுவில் வளர்ந்த நாமே மறந்துவிடுகிறோம். (1877-இல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று, மரமாக இன்னும் அங்கே நிற்கிறது, மரத்துக்கு இருக்கிற ஆயுள் டயருக்கு இல்லை.) பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கடையில் கழற்றிச் சோதிக்க வேண்டும். பத்தாண்டு ஆனதை, பூ எவ்வளவு இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ எங்கேனும் புடைத்திருந்தாலோ, வயதைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நான்கையும் ஒருசேர வாங்கப் பணம் இல்லையென்றால், ஒரே அச்சுக்குரிய இரண்டை வாங்கிப் பின் சக்கரங்களில் மாட்டுங்கள். முன் சக்கரம்தானே வண்டியை இழுக்கிறது என்று பலர் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள். முன் டயர் ஈரத்தில் பிடி விட்டால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின் டயர் பிடி விட்டால் வால் சுழன்று வண்டியே திரும்பிவிடும், அதைச் சமாளிக்க நம்மில் பலருக்கு நேரமும் இருக்காது, பழக்கமும் இருக்காது.

செம்பனை மட்டையின் முள் ஏறினால், துளை தரையில் படும் பகுதியில் அமைந்து, அதன் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் ஒட்டலாம். பக்கச்சுவரில் ஏறியதை எந்தக் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றை மாதம் ஒருமுறையேனும், வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் காலையில் பாருங்கள். பெட்ரோல் நிலையக் கருவி கிலோபாஸ்கலில் காட்டினால், 230 என்பது ஏறக்குறைய 33 பிஎஸ்ஐ. பின்பெட்டியில் கிடக்கும் மாற்று டயருக்கும் டிஓடி வரிசையின் அதே நான்கு எண்கள் உண்டு, அதற்கும் வயதாகிறது. அது சிறிய வகையாக இருந்தால் அதன்மேல் எழுதியுள்ள வேகத்தை, வழக்கமாக மணிக்கு 80 கிலோமீட்டரை, மீறாமல் அருகிலுள்ள டயர் கடை வரை மட்டும் ஓட்டுங்கள்.