ஆர்பிஜி மேக்கரில் காதல் கிளைக்கதை: நான் சிக்கிய இடமும் தீர்வும்

தர்மபுரியில் வீட்டுக் கணினியில் ஆர்பிஜி மேக்கர் எம்இசட் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளை வைத்து ஒரு விளையாட்டு செய்கிறேன். நாயகன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவன். காவேரிப்பட்டணத்து மாந்தோப்பில் வேலை பார்க்கும் மல்லிகாவோடு அவனுக்குக் காதல். மேப் போடவும் ஈவென்ட் வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் நோட்டில் எழுதுங்கள். இதற்கென்று எந்தச் செயலியும் வேண்டாம். மல்லிகாவுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், நாயகன் பக்கத்தில் இல்லாதபோது அவளுக்கு என்ன கவலை? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அவள் பரிசு வாங்கும் பொம்மைதான்.

2. ‘நெருக்கம்’ என்று ஒரு வேரியபிள், அதாவது புள்ளியைச் சேமிக்கும் இடம். பரிசு கொடுத்தால் 1. அப்பா வாங்கிய கடனைப் பற்றி அவள் சொன்னதை மறக்காமல் அடுத்த முறை விசாரித்தால் 2. அவள் சொன்னதும் ஒரு ஸ்விட்சை (ஆன், ஆஃப் என்று மட்டும் இருக்கும் குறி) ஆன் செய்யுங்கள். அது ஆனாக இருந்தால் மட்டும் அந்தக் கேள்வி வரட்டும். என்னைக் கேட்டால் காதலே இந்த 2 புள்ளியில்தான் இருக்கிறது.

3. நெருக்கம் 5 ஆனதும் பரிசல் காட்சி, மல்லிகா காதலைச் சொல்லும் இடம். நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இங்கேதான். என் தங்கை விளையாடினாள். 4 புள்ளி இருந்தது, கடனைப் பற்றி விசாரித்தாள், ஆற்றங்கரைக்குப் போனாள். மல்லிகா பழைய வணக்கத்தையே சொன்னாள். நிபந்தனையைச் சோதிக்கும் கட்டளையான கண்டிஷனல் பிராஞ்சில் ‘=’ என்று இருந்ததை நான் மாற்றவே இல்லை. 4 நேராக 6 ஆகிவிட்டது, 5 வரவே இல்லை. அதை ‘≥’ ஆக்குங்கள். காட்சி முடிந்ததும் அந்த ஈவென்டுக்கு மட்டும் உரிய செல்ஃப் ஸ்விட்ச் ஏ-யை ஆன் செய்து, அதையே நிபந்தனையாக வைத்து ஈவென்டில் இரண்டாம் பக்கம் போடுங்கள். இல்லாவிட்டால் நாயகன் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவள் காதலைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

4. பரிசுக்கு வரம்பு வேண்டும். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் ஒருவருக்குப் பொதுவாக வாரத்துக்கு 2 பரிசுதான், பிறந்தநாள் விலக்கு. நான் ஊருக்கு ஒரு பரிசு என்று வைத்தேன். தோத்தாபுரி மாம்பழக் கூடையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் காதலை வாங்க முடியாது.

பின்சேர்க்கை: ‘கொடு’ என்று எழுதினால் கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனியே நிற்கின்றன என்று ஓசூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வசனம் ஒவ்வொரு குறியாக வரையப்படுவதுதான் காரணம். வரியின் தொடக்கத்தில் \> போடுங்கள், முழு வரியும் ஒரே வீச்சில் வந்து எழுத்து சேர்ந்துகொள்ளும். ஒரு பெட்டியில் நான்கு வரி இருந்தால் நான்கிலும் போட வேண்டும்.