லாவாவுக்கு அடியில் பாருங்கள்

கிராண்ட் கேன்யனில் டோரோவீப் விளிம்பில் நின்றால் கொலராடோ ஆறு சுமார் 900 மீட்டர் கீழே ஓடும். பக்கத்துச் சுவரில் கறுப்பு லாவா வழிந்து உறைந்திருக்கும், பால் பொங்கி அடுப்பில் வழிந்த மாதிரி. கடந்த பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் அது பல தடவை பள்ளத்தாக்கில் கொட்டி ஆற்றையே மறித்திருக்கிறது. ஆறு எவ்வளவு வேகமாகப் பாறையை அறுக்கிறது என்று கணக்கிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் பயணத்தில் நான் லாவாவின் உச்சியிலிருந்து ஆறுவரை அளந்து, லாவாவின் வயதால் வகுத்துவிட்டேன். ஆறு பேய் வேகத்தில் அறுப்பதாக விடை வந்தது. “உன் ஆறு லாவாவை அறுத்ததா, பள்ளத்தாக்கையா?” என்று கேட்டார் பேராசிரியர். அணையாக நின்ற லாவாவை ஆறு சீக்கிரமே அரித்துவிடும். அது கணக்கில் சேராது.

அதனால் லாவாவின் அடிக்குப் போங்கள். கறுப்புக் கல்லுக்கும் அடிப்பாறைக்கும் நடுவில் சரளை அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கூழாங்கற்கள் வழவழவென்று உருண்டிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் இல்லாத பாறைகளும் கலந்திருந்தால் அது பெரிய ஆறு கொண்டுவந்ததுதான். மூலை மழுங்காத சுண்ணாம்புக்கல் மட்டும் கிடந்தால், சரிவிலிருந்து விழுந்தது. விட்டுவிடுங்கள். சரளைக்கு அடியில் பாறை தொடங்கும் இடம்தான் அன்றைய ஆற்றின் தரை. அங்கிருந்து இன்றைய ஆறுவரை உயரத்தை அளங்கள். இன்றும் ஆறு மணல், சரளை மேல்தான் ஓடுகிறது. உண்மையான பாறைத்தரை இன்னும் கீழே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கல் எடுக்க அனுமதி வேண்டும், தேசியப் பூங்கா. குமிழ் ஓட்டைகளும் வெள்ளைப் படிவும் இல்லாத, உடைத்தால் உள்ளே கருகருவென்று இருக்கும் துண்டுதான் வேண்டும்.

வயது பார்ப்பது ஆய்வகத்தின் வேலை. கல்லில் உள்ள பொட்டாசியம்-40 மெதுவாகச் சிதையும், அதில் ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறும். பாதி சிதைய சுமார் 125 கோடி ஆண்டுகள். லாவா தன்னோடு பழைய ஆர்கானைச் சுமந்து வந்திருந்தால் வயது கூடிப்போகும். இந்த அணைகளில் சிலவற்றுக்கு அப்படித்தான் முன்பு பத்து லட்சத்துக்கும் மேல் சொன்னார்கள். ஆர்கானின் இரண்டு வகைகளை ஒப்பிட்டு வயது பார்க்கும் ஆர்கான்-ஆர்கான் முறை வந்த பிறகு வயது குறைந்தது. அதனால் ஒரே எண்ணை வாங்கிக்கொண்டு வராதீர்கள். கல்லைப் படிப்படியாகச் சூடாக்கியபோது ஒவ்வொரு படியிலும் என்ன வயது வந்தது என்று கேளுங்கள்.

சரி, கணக்கு. உயரம் 40 மீட்டர், வயது 5 லட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 0.08 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

அப்புறம், டோரோவீப் பிளவு, அதாவது இரு பக்க நிலமும் ஒன்றையொன்று உரசி நகரும் விரிசல், ஆற்றைக் குறுக்கே வெட்டுகிறது. அதன் மேற்குப் பக்கத்தில் விடை குறைவாக வரும். ஆறு அங்கே சோம்பிவிடவில்லை, நிலமே இறங்கியிருக்கிறது. ஒரே லாவா இரு பக்கமும் கிடைத்தால் உயர வித்தியாசத்தை அதன் வயதால் வகுங்கள். பிளவு நகரும் வேகமும் கிடைத்துவிடும்.