டாக்டர் சீட்டு இல்லாமல் பிசியோதெரபி: புது ஆட்கள் சறுக்கும் இடங்கள்

பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்த கையோடு இங்கே வேலூர்ப் பக்கம் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் கிளினிக் திறக்கும் தம்பி தங்கைகளைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். போர்டு, வாடகை, மெஷின் சமாச்சாரமெல்லாம் தானாகப் பழகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

சீட்டு இல்லாமல் பார்த்தால் கேஸ் ஆகும் என்று பயப்படுவது

ஆகாது. துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையைப் படியுங்கள். பிசியோதெரபிஸ்ட் தனியாகவும் தொழில் செய்யலாம், குழுவில் ஒருவராகவும் செய்யலாம் என்று அதிலேயே இருக்கிறது. குறைந்தபட்சம் பட்டப்படிப்பு வேண்டும்.

சட்டம் விட்டால் இன்சூரன்ஸும் விடும் என்று நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. குடியாத்தத்து அம்மா ஒருவருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். வீட்டுக்கு வந்ததும் மகன் பக்கத்தில் புதிதாகத் திறந்த கிளினிக்கில் விசாரித்திருக்கிறார். "சீட்டெல்லாம் வேணாம்ணா, சட்டமே வந்துடுச்சு" என்றானாம் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் பையன். சொன்னது பொய்யில்லை. வைத்தியத்திலும் குறையில்லை, அம்மா நன்றாக நடந்தார். ஆனால் பில்லைக் கிளெய்முக்கு அனுப்பியபோது, டாக்டர் ஆலோசனை எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

பாலிசியில் மருத்துவச் செலவு என்றால் மருத்துவர் ஆலோசனையின் பேரில் செய்த செலவு. மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். நம் பதிவு அங்கே செல்லாது. ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுவான ஹெல்த் பாலிசி டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை செலவு தருகிறது. அந்த அம்மாவின் சிட்டிங் எல்லாம் அதற்குள்தான் நடந்தது. ஒரே ஒரு வரி இல்லாததால் பணம் போச்சு. மகன் சர்ஜனிடம் போய்ப் பழைய தேதி போட்டு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார், அதுதான் நியாயம்.

அதனால் முதல் நாளே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பாருங்கள். பிசியோதெரபி என்ற வரி இல்லையா? சிகிச்சையைத் தொடங்கும் முன்பே சர்ஜனிடம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்: எந்தப் பிரச்சினைக்கு, எத்தனை வாரம். பில்லில் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தேதி போடுங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கி வரும் வங்காளக்காரர்கள், அசாம்காரர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ரயில் ஏறிவிட்டால் அந்த ஒரு வரிக்காக அவர்கள் திரும்பி வரவா முடியும்?

அப்புறம், அட்மிஷனே ஆகாத முதுகுவலிக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ஆசை காட்டாதீர்கள்.

சீட்டு வேண்டாம் என்பதை டாக்டரே வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது

முதுகுவலியோடு சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. சாயங்காலக் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்தால் முதுகெலும்பு டி.பி.யா என்று பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் கை வைக்காதீர்கள், ரத்தக்கட்டி இருக்கலாம்.

அமெரிக்க விதியை இங்கே ஒப்பிப்பது

அங்கே 50 மாநிலங்களிலும் ஏதோ ஓர் அளவில் நேரடியாகப் போகலாம். நியூயார்க்கில் சீட்டில்லாமல் 10 முறை அல்லது 30 நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை. வேலூரில் அந்தக் கணக்கு கிடையாது.

மாத்திரை எழுதுவது

கூடாது.