அறிவியல் மாணவர்களுக்குக் கணினி இயற்கணித மென்பொருள்: எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

"மேத்தமேட்டிக்கா நல்லதா, மேப்பிள் நல்லதா?" என்று கேட்கும் மாணவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் நோட்டில் நீங்களே கையால் போட்டு விடை தெரிந்த மூன்று கணக்குகளை எடுத்து வையுங்கள். தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வசதிப் பட்டியல்களை எவ்வளவு படித்தாலும் மென்பொருள் உங்கள் கணக்கை எப்படிக் கையாளும் என்று தெரியாது.

மேத்தமேட்டிக்கா, மேப்பிள் போன்ற கணினி இயற்கணித மென்பொருள் எண்ணை மட்டுமல்ல, எழுத்தையும் வைத்துக் கணக்குப் போடும். சாதாரணக் கால்குலேட்டர் 2-இன் வர்க்கமூலத்தை 1.4142 என்று வெட்டிவிடும். இது வர்க்கமூலமாகவே வைத்திருக்கும். பிறகு வர்க்கப்படுத்தினால் அச்சு அசலாக 2 வரும்.

படி 1: உங்களுக்குத் தேவை சூத்திரமா, எண்ணா?

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் சிறியது என்றால் விடை எளிய சைன் சார்பு. எந்த மென்பொருளும் உடனே தரும். கோணம் பெரிதானால் அலைவுக்காலம் நீள்வட்டத் தொகையீடாக வரும். அதையும் குறியீட்டில் எழுதலாம். அதே ஊசலுக்கு உராய்வும், வெளியிலிருந்து அலைவுறும் விசையும் சேர்ந்தால் பொதுவாகச் சூத்திரமே கிடைக்காது. எண்முறையில்தான் தீர்க்க வேண்டும். அணிகளிலும் இதே கதைதான். 5-க்கு 5 அணியின் எல்லா உறுப்புகளையும் எழுத்துகளாக விட்டால் ஐகன் மதிப்புகளுக்குப் பொதுச் சூத்திரம் கேட்பதில் பயனில்லை. ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு மூலக்குறிகளால் ஆன பொதுத் தீர்வு கிடையாது என்று 1824-இலேயே கணிதவியலர் ஆபெல் நிறுவிவிட்டார். உங்கள் வேலைக்குப் பெரும்பாலும் சூத்திரம் அல்ல, எண்தான் தேவை என்றால் நம்பை, சைபை, மேட்லேப் போன்ற எண்முறைக் கருவிகளைத் தேடுங்கள்.

படி 2: பக்கத்தில் இருப்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள்?

உங்கள் வழிகாட்டியும் ஆய்வகத்தில் மூத்தவர்களும் ஒரே மென்பொருளில் வேலை செய்தால், சந்தேகம் வரும்போது கேட்க ஆள் இருக்கும். பழைய கோப்புகளும் கைக்கு வரும். இதற்கு நான் மிகுந்த மதிப்புத் தருவேன். கல்வி நிறுவனம் ஏற்கெனவே உரிமம் வாங்கி வைத்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

படி 3: இரண்டை மட்டும் நிறுவிப் பாருங்கள்

பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள், அல்லது எப்படியும் கற்கப்போகிறவர்கள், அதன் இயற்கணித நூலகமான சிம்பையில் தொடங்கலாம். இலவசம். நிரலையும் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜுப்பிட்டர் நோட்புக்கில் சூத்திரங்கள் அச்சிட்டதுபோல் அழகாக வரும். எதையும் நிறுவாமல், உலாவியிலேயே இயங்கும் கூகுள் கோலாபில் ஓட்டியும் பார்க்கலாம்.

நிரலாக்கம் வேண்டாம், இயற்கணிதம் மட்டும் போதும் என்பவர்களுக்கு மேக்சிமா. 1960-களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் தொடங்கிய திட்டத்தின் வழித்தோன்றல் இது. 1982 முதல் 2001-இல் மறையும்வரை கணிதப் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் இதைப் பேணி வந்தார்; 1998-இல் அனுமதி பெற்று இதைக் கட்டற்ற மென்பொருளாக்கியவரும் அவரே. இன்று நம் மடிக்கணினியில் இது இலவசமாக ஓடுவதற்கு அந்த உழைப்புதான் காரணம். இதனுடன் டபிள்யூஎக்ஸ்-மேக்சிமா என்ற முகப்பையும் சேர்த்து நிறுவுங்கள். பட்டியலைச் சொடுக்கியே பாதி வேலை முடிந்துவிடும்.

மேத்தமேட்டிக்கா (1988 முதல்), மேப்பிள் இரண்டும் கட்டண மென்பொருள்கள். சிறப்புச் சார்புகள், கடினமான தொகையீடுகள், ஆவணங்களின் தரம் ஆகியவற்றில் இவை வலுவானவை. உரிமம் இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் முதலாண்டு மாணவர் இதற்காகச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. சேஜ்மேத் பல கட்டற்ற மென்பொருள்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது. கணிதம் படிப்பவர்களுக்கு அருமையானது, ஆனால் நிறுவக் கனமானது.

படி 4: சோதியுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். முதல் சோதனை: எக்ஸின் n-ஆம் அடுக்கைத் (xⁿ) தொகையிடச் சொல்லுங்கள். விடை எல்லோருக்கும் தெரியும்: அடுக்கில் ஒன்றைக் கூட்டி, அதாலேயே வகுக்க வேண்டும். ஆனால் n என்பது −1 எனில் இந்த விடை செல்லாது, மடக்கைதான் வரும். மேக்சிமா கணக்கை நிறுத்தி, "n என்பது −1-க்குச் சமமா?" என்று உங்களையே கேட்கும். சிம்பை இரண்டு நிலைகளையும் பிரித்து, இரண்டு விடைகளையும் எழுதித் தரும். மேத்தமேட்டிக்கா பொது விடையை மட்டும் தந்துவிட்டு நகர்ந்துவிடும். மூன்றும் தெரிந்தே எடுத்த முடிவுகள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று பாருங்கள். கேள்வி கேட்கும் மென்பொருள் தொடக்கத்தில் எரிச்சலூட்டும், ஆனால் கற்பவருக்கு அது நல்ல ஆசிரியர்.

அடுத்து, எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம். சிம்பை அதை அப்படியே விட்டுவைக்கும். ஏனென்றால் எக்ஸ் கலப்பெண்ணாகவும் இருக்கலாம். மாறியை அறிவிக்கும்போதே "இது மிகை எண்" என்று சொல்லிவிட்டால் எக்ஸ் என்று சுருக்கும். நிறை, நீளம், கெல்வின் வெப்பநிலை எல்லாம் மிகை என்று முதலிலேயே அறிவிக்கும் பழக்கம் வந்துவிட்டால், "ஏன் சுருங்க மாட்டேன் என்கிறது?" என்ற புலம்பலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சைன் எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸ். இதைத் தொகையிட்டால் சிம்பை சைன் வர்க்கத்தின் பாதியைத் தரும். மேக்சிமா காஸ் வர்க்கத்தின் பாதியைக் குறை அடையாளத்துடன் தரும். இரண்டும் சரி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எப்போதும் ½. தொகையீட்டு மாறிலிதான் வித்தியாசம். ஆகவே விடைத்தாளுடன் தோற்றத்தை ஒப்பிடாதீர்கள். வந்த விடையை வகையிட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். சுருக்க முடியாமல் சிக்கலாக நின்றால், மாறிக்கு 0.7, 1.3 என்று ஏதாவது மதிப்பு கொடுத்து இருபுறமும் சரிபாருங்கள்.

சிம்பையில் ஓர் எச்சரிக்கை: மூன்றில் ஒன்று என்பதை வெறும் வகுத்தலாக எழுதினால் பைத்தான் அதை முதலிலேயே தசமமாக்கிவிடும். 'ரேஷனல்' கட்டளையால் பின்னமாகக் கொடுங்கள்.

இவற்றுக்குப் பிறகு, நோட்டிலிருந்து எடுத்த உங்கள் மூன்று கணக்குகளை இரண்டிலும் போடுங்கள். எந்தக் கட்டளையைத் தேடி எடுக்கச் சிரமமில்லை, எந்தப் பிழைச்செய்தி புரிகிறது என்பதில் முடிவு தானாகத் தெரியும்.

படி 5: துறைக்கென்றே கருவி உண்டா?

குலக் கோட்பாட்டுக்கு காப், எண் கோட்பாட்டுக்கு பாரி, பல்லுறுப்புக்கோவைகளுக்கு சிங்குலர். துகள் இயற்பியலில் கோடிக்கணக்கான உறுப்புகள் வரும் கணக்குகளுக்கு ஃபார்ம். இந்தத் துறைக்கு இது புதிதல்ல: 1999-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெல்ட்மன் 1963-இலேயே தன் கணக்குகளுக்கென்று ஒரு குறியீட்டு நிரலை எழுதிக்கொண்டவர். தொடக்கத்தில் இவை வேண்டாம். ஆய்வுத் தலைப்பு முடிவானதும் தேடிக்கொள்ளலாம்.

படி 6: நாளைக்கும் திறக்குமா?

மாணவர் உரிமம் பெரும்பாலும் படிப்போடு முடிந்துவிடும். கட்டண மென்பொருளில் வேலை செய்தால், முக்கியமான சூத்திரங்களை லேடெக் (ஆய்வுக் கட்டுரைகளில் சூத்திரங்களை அச்சிடப் பயன்படும் மொழி) வடிவிலும் சாதாரண உரைக்கோப்பாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். எதில் செய்தாலும், கோப்பின் முதல் வரியில் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் மாறிகளைப் பற்றி வைத்த அனுமானங்களையும் எழுதுங்கள்.