தாடை மூட்டுக்கு ஸ்கேன்: எந்தப் படம், எப்படி எடுப்பது, எதைப் பார்ப்பது

வாயைத் திறக்கும்போது காதோரம் ‘டக்’ என்று ஒரு சத்தம், மெல்லும்போது வலி, கொட்டாவி விட்டால் தாடை பிடித்துக்கொள்வது. இப்படி வருபவருக்கு ஸ்கேன் எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த படம் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பதில் சொல்லாது. பல் மருத்துவப் பயிற்சி மாணவர்களும் ரேடியோகிராபி கற்பவர்களும் வேலையில் கைக்கொள்ளும்படி இதை எழுதியிருக்கிறோம்.

முதலில் மூட்டின் அமைப்பை மனதில் வையுங்கள். கீழ்த்தாடையின் மேல்முனையில் உருண்டையாக இருப்பது காண்டைல். அது பொட்டெலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருக்கும். குழிக்கு முன்னால் ஒரு எலும்பு மேடு. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு, அதாவது டிஸ்க். வாயைத் திறக்கும்போது காண்டைல் முதலில் சுழலும், பிறகு வட்டையும் கூட்டிக்கொண்டு மேட்டை நோக்கி முன்னால் சறுக்கும். எலும்பைப் பார்க்க ஒரு கருவி, வட்டைப் பார்க்க வேறொரு கருவி. இந்தப் பிரிவினை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஸ்கேனுக்கு முன் ஸ்கேல்

மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து, வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது என்று அளந்து குறியுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறக்கும். திறக்கும்போது தாடை எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் கவனியுங்கள். மூட்டு சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் சிக்கிய பக்கமே சாயும். கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். பாக்கு, குட்கா போடுபவருக்குக் கன்னத்தின் உட்பரப்பு நார்நாராக இறுகியிருந்தால், வாய் திறக்காததற்குக் காரணம் அங்கே இருக்கலாம்.

வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் படம் தேவையில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வட்டு இடம் மாறியிருப்பது தெரிய வந்திருக்கிறது. அதைப் படத்தில் காட்டிப் பயமுறுத்துவதால் யாருக்கும் நன்மை இல்லை.

படம் தேவை என்று தீர்மானித்தால், ஸ்கேன் சீட்டில் ‘தாடை மூட்டு எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ‘வலது பக்கம் மூன்று வாரமாக வாய் 26 மி.மீ. மட்டுமே திறக்கிறது. முன்பு இருந்த சத்தம் நின்றுவிட்டது. வட்டு பழைய இடத்துக்குத் திரும்புகிறதா?’ என்று எழுதுங்கள். சத்தம் நின்று வாய் திறப்பு குறைந்தது முக்கியமான தடயம். வட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

படி 2: ஓ.பி.ஜி. எக்ஸ்ரே

இரு தாடைகளையும் முழுதாக ஒரே படத்தில் காட்டும் இந்த எக்ஸ்ரே முதல் வடிகட்டி. ஞானப்பல், எலும்பு முறிவு, கட்டி, இரு பக்க உயர வித்தியாசம் போன்ற பெரிய விஷயங்களை ஒரே படத்தில் பார்த்துவிடலாம். கம்மல், சங்கிலி, கழற்றும் பல்செட், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முன்பற்களைக் கடிகட்டையின் பள்ளத்தில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் வரட்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

முகவாய் அதிகம் தாழ்ந்தால் காண்டைல் படத்தின் மேல் விளிம்பில் வெட்டுப்படும். தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஒரு பக்கத் தாடை பெரிதாகத் தெரிந்து, இல்லாத கோணலை இருப்பதுபோல் காட்டும். இன்னொன்று: கடிகட்டைக்காகத் தாடை சற்று முன்னால் வந்திருப்பதால், காண்டைல் தன் இயல்பான இடத்தில் இருக்காது. அதனால் ஓ.பி.ஜி.யை வைத்து மூட்டு இடைவெளியைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

படி 3: எலும்புக்கு சி.பி.சி.டி.

நறநறவென்ற அரைபடும் சத்தம், தேய்மானம், முறிவு, எலும்பு ஒட்டிக்கொள்ளும் ஆங்கைலோசிஸ் இவற்றில் சந்தேகம் இருந்தால் கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரேயான சி.பி.சி.டி. தான் சரியான தேர்வு. கதிர்வீச்சு ஓ.பி.ஜி.யைவிடப் பொதுவாக அதிகம். எனவே கேள்வி ஒரு பக்கத்தைப் பற்றியதாக இருந்தால் அந்த மூட்டை மட்டும் அடக்கும் சிறிய பரப்பைத் தேர்ந்தெடுங்கள். வோக்ஸல், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறு கனசதுரப் புள்ளி, 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் போதும். கடைவாய்ப் பற்கள் முழுதாகக் கடித்த நிலையில், எச்சில் விழுங்காமல் இருக்கச் சொல்லுங்கள். அசைந்தால் காண்டைலின் விளிம்பு இரட்டைக் கோடாக விழும். அதை எலும்பு அரிக்கப்பட்ட அடையாளம், அதாவது அரிப்பு என்று வாசித்துவிட வாய்ப்புண்டு.

படம் எடுத்ததும் திரையில் செய்ய வேண்டிய வேலையைத்தான் தொடக்கத்தில் பலரும் தவறவிடுகிறார்கள். கிடைவெட்டுப் படத்தில் காண்டைல் மிக அகலமாகத் தெரியும் துண்டுக்குப் போங்கள். அதன் வெளிமுனையிலிருந்து உள்முனைக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு முகத்துக்கு நேர் குறுக்காக இருக்காது. உள்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். இந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டுத் துண்டுகளையும், இணையாக முன்பக்கத் துண்டுகளையும் 1 மி.மீ. கனத்தில் வெட்டுங்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கோடு போட வேண்டும். இதைச் செய்யாமல் நேராக வெட்டினால் காண்டைல் கோணலாக அறுபட்டு, வடிவமே மாறித் தெரியும்.

பிறகு தேடுங்கள்: வெளிப்புற வெள்ளைக் கோடு அறுந்த அரிப்பு, முன்விளிம்பில் முளைத்த எலும்பு முள், மேற்பரப்புக்கு அடியில் சிறு குழிகள். இவை தேய்மான நோயின் அடையாளங்கள். காண்டைல் சற்றுத் தட்டையாக இருப்பதோ விளிம்பு கெட்டிப்பட்டிருப்பதோ மட்டும் போதாது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொண்டதாகவும் இருக்கலாம். பதின்வயதினர் படத்தில் கூடுதல் கவனம் தேவை. அந்த வெள்ளைக் கோடு முழுதாக உருவாக ஏறக்குறைய 20 வயதைத் தாண்டும். 15 வயதுப் பிள்ளைக்குக் கோடு மங்கலாக இருப்பதை உடனே அரிப்பு என்று எழுதுவது பெரும் தவறு.

படி 4: வட்டுக்கு எம்.ஆர்.ஐ.

பேஸ்மேக்கர், காக்ளியர் இம்பிளாண்ட், மூளை ரத்தக்குழாய் கிளிப், கண்ணில் விழுந்த இரும்புத்துகள் பற்றி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல் கிளிப் போட்டிருந்தால் உலோகம் படத்தைக் கெடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காதுக்கு முன்னால் இரு பக்கமும் சிக்னலைப் பிடிக்கும் சிறிய காயிலை வையுங்கள்; தலைக்கான பெரிய காயிலில் இந்தச் சிறு மூட்டின் நுணுக்கம் தெளிவாக வராது. துண்டின் கனம் 3 மி.மீ.க்கு மிகாமல் இருக்கட்டும். வெட்டும் கோணம் சி.பி.சி.டி.யில் சொன்னதேதான். வட்டின் வடிவத்துக்குப் புரோட்டான் டென்சிட்டி, மூட்டு நீருக்குக் கொழுப்பை மறைத்த டி2 என்ற எம்.ஆர்.ஐ. படவகைகளைத் தேர்ந்தெடுங்கள். வாய் மூடி ஒரு தொகுதி, திறந்து ஒரு தொகுதி. துண்டுகள் வெளிமுனை முதல் உள்முனை வரை முழுதாக மூட வேண்டும், ஏனென்றால் வட்டு பல சமயம் முன்னாலும் உள்பக்கமாகவும் சேர்ந்தே நழுவும். முன்பக்கத் துண்டுகளையும் விடாதீர்கள்.

வாயைத் திறந்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேசையில் படுப்பதற்கு முன் ஸ்கேலால் அளந்து, அந்த அளவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் கடிகட்டையைக் கொடுங்கள். பிஸ்டனும் ஊசியும் நீக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சுக் குழாயும் உதவும். வலி தரும் அளவுக்கு வற்புறுத்தக்கூடாது. நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டுமே. வெளியே 38 மி.மீ. திறந்தவர் உள்ளே 22 மி.மீ.யில் நின்றுவிட்டால், திரும்பி வரக்கூடிய வட்டும் திரும்பாததாகத் தெரியும். எனவே எத்தனை மி.மீ. திறப்பில் எடுத்தது என்பதை ரிப்போர்ட்டிலேயே பதியுங்கள்.

வாசிக்கும்போது காண்டைலைக் கடிகாரமாக நினையுங்கள். வட்டு இருண்ட வில் டை போலத் தெரியும்: இரு பக்கமும் தடிப்பு, நடுவில் மெலிவு. வாய் மூடியிருக்கையில் பின்தடிப்பு 12 மணி இடத்தில் இருப்பது இயல்பு. அது முன்னால் சரிந்திருந்து, வாய் திறந்ததும் மெலிந்த நடுப்பகுதி காண்டைலுக்கும் மேட்டுக்கும் இடையே வந்து உட்கார்ந்தால், திரும்பும் நழுவல். திறந்த பின்னும் முன்னாலேயே கசங்கிக் கிடந்தால், திரும்பாத நழுவல். வட்டுக்கு முன்னால் தெரியும் மெல்லும் தசையின் தசைநாணும் இருண்டே தெரியும். அதை வட்டு என்று எண்ணி ஏமாறாமல் அடுத்தடுத்த துண்டுகளில் தொடர்ந்து பாருங்கள்.

படி 5: மற்ற இரண்டு

அல்ட்ராசவுண்ட் மலிவு, கதிர்வீச்சு இல்லை. 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட லீனியர் புரோபால் மூட்டு நீரைத் தேடலாம். ஆனால் எலும்பு மறைப்பதால் மூட்டின் வெளிப்பக்கம் மட்டுமே எட்டும்.

முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போனால் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்பெக்ட் எலும்பு ஸ்கேன் உதவும். இரு காண்டைல்களும் அந்த மருந்தை எவ்வளவு ஏற்கின்றன என்று ஒப்பிட்டு, வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் வளர்கிறதோ என்று சந்தேகிக்கிறார்கள். மூட்டழற்சி இருந்தாலும் அதே இடம் ஒளிரும் என்பதால், அந்த எண்ணைத் தனியாக வாசிக்காமல் சி.பி.சி.டி.யைப் பக்கத்தில் வைத்தே வாசியுங்கள்.