வெளிநாட்டு மிஷனரி ஊழியத்துக்கு கிளம்புறீங்களா? சென்னையில இருந்தே முடிக்க வேண்டிய வேலைகள்

அழைப்பு வந்துடுச்சு, ஆயரும் சரின்னுட்டார், சபையில சாட்சியும் சொல்லியாச்சு. அடுத்து என்னன்னு கேட்டா நிறைய தம்பிங்க "கர்த்தர் பாத்துக்குவார்"ங்கிறாங்க. பாத்துக்குவார்தான், ஆனா பாஸ்போர்ட் ஆபீஸ்ல டோக்கன் வாங்கி நாமதான் உக்காரணும்.

1. முதல்ல விசா

டூரிஸ்ட் விசாவுல போய் ஊழியம் பண்ணலாம்னு யாராச்சும் சொன்னா காதுலயே வாங்காதீங்க, மாட்டினா உங்களைக் கூப்பிட்ட சபைக்கும் சேர்த்து தலைவலி. அமெரிக்கான்னா மத ஊழியர்களுக்குன்னே ஆர்-1 விசா இருக்கு, அங்க இருக்கிற சபைதான் முதல்ல மனு போடணும், நீங்க அதே சபைப் பிரிவுல குறைஞ்சது 2 வருஷம் அங்கத்தினரா இருந்திருக்கணும். இங்கிலாந்துல 6 மாசத்துக்கு மேல தங்கணும்னா டிபி டெஸ்ட் கேப்பாங்க. நேபாளத்துக்கு விசாவே வேணாம், ஆனா 2015 அரசியல் சாசனத்துலயே மதம் மாத்துறதுக்கு தடை இருக்கு, ஜெயில் வரைக்கும் போகும், அதனால அங்க என்ன வேலைக்குப் போறீங்கங்கிறதை அனுப்புற அமைப்புகிட்ட தெளிவா கேட்டுக்கோங்க.

2. பேர் பிரச்சினை

நம்ம ஊர்ல பாதி பேர் மாட்டுறது இங்கதான். பத்தாவது சர்டிபிகேட்ல எஸ். செல்வகுமார், ஞானஸ்நான சர்டிபிகேட்ல சாமுவேல் செல்வகுமார், பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி. அப்படி காலியா இருந்தா அமெரிக்க விசாவுல உங்க பேரை சர்நேம் இடத்துல போட்டுட்டு முதல் பேர் இடத்துல எஃப்என்யுன்னு, அதாவது முதல் பேர் தெரியலைன்னு அடிச்சிடுவாங்க. இனிஷியலை விரிச்சு, சர்நேம் போட்டு பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ பண்ணிட்டு அப்புறமா மத்த பேப்பரைத் தொடுங்க. இந்த ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுதான்னு ஆயர்கிட்ட ஒரு லெட்டர், பாரிமுனை பக்கம் நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட், ரெண்டையும் வாங்கி வச்சுக்கோங்க.

போலீஸ் கிளியரன்ஸும் பாஸ்போர்ட் சேவா சைட்லயே அப்ளை பண்ணலாம், சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம்னு சென்டர் இருக்கு. டிகிரிக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல செல்லுறதுக்கான அரசு முத்திரை கேட்டா முதல்ல மாநில அரசு அட்டஸ்டேஷன், அப்புறம்தான் வெளியுறவுத் துறை.

3. ஊசி

ஆப்பிரிக்கா பக்கம் நிறைய நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. போட்டு 10 நாள் கழிச்சுதான் அந்த சர்டிபிகேட் செல்லும், கடைசி வாரத்துல ஓடாதீங்க. முட்டை அலர்ஜி இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

4. வீடு

இதுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கணும், யாரும் ஒதுக்கிறதில்ல. கேஸ் புக்கிங், ஈபி பில், அப்பாவோட பென்ஷன் அக்கவுண்ட், அம்மாவோட ஆதார், எல்லா ஓடிபியும் உங்க ஃபோனுக்குத்தானே வருது? நீங்க நைரோபியில தூங்கிட்டு இருக்கும்போது இங்க அம்மா பேங்க் கவுண்டர்ல நின்னு "பையன் நம்பருங்க, அவன் எடுக்க மாட்டேங்கிறான்"னு சொல்லிட்டு நிப்பாங்க. ஒவ்வொண்ணா தங்கச்சி நம்பருக்கோ அம்மா நம்பருக்கோ மாத்துங்க, மாத்தினதும் பக்கத்துல உக்காந்து அவங்களையே ஒரு தடவை சிலிண்டர் புக் பண்ணச் சொல்லுங்க, நீங்க கையை வைக்காதீங்க. அப்பாவோட லைஃப் சர்டிபிகேட் எந்த மாசம், பிபி மாத்திரை எந்த கடை, இன்ஷூரன்ஸ் கார்டு எந்த டிராயர், எல்லாத்தையும் ஒரு நோட்டுல தமிழ்ல பெருசா எழுதி வைங்க. உங்க சிம்முக்கு இங்கேயே ரோமிங் ஆன் பண்ணிடுங்க. வருஷக்கணக்கா இருக்கப் போறீங்கன்னா சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான அக்கவுண்ட்டா மாத்தணும்.

அம்மாவுக்கு மனசு ஒப்பலைன்னா வசனம் சொல்லி வாயை அடைக்காதீங்க, எங்க தங்குவீங்க, என்ன சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க. "கல்யாணம் எப்போ"ன்னு கேக்குற மாமாவை ஆயர்கிட்ட விட்டுடுங்க.

5. பணம்

சபை டிரஸ்ட் அக்கவுண்ட்ல இருந்து மாசாமாசம் அனுப்பிடலாம்னு நினைச்சா, வெளிநாட்டுல செலவு பண்ற பணத்துக்கு அந்த டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு சிக்கல் வரும், அதனால ஆடிட்டரை முதல்லயே உக்கார வச்சு பேசுங்க.

6. கிளம்புறது

பவர் பேங்க் கைப்பையில, மாத்திரையோட டாக்டர் சீட்டு, ஊறுகாயை நல்லா சீல் பண்ணி லக்கேஜ்ல. வழியனுப்பு ஆராதனையை ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி வைக்காம முந்தின ஞாயித்துக்கிழமையே முடிச்சிடுங்க. மீனம்பாக்கத்துக்கு வேன் பிடிச்சு வர்ற ஜெபக்குழுவை டிக்கெட் இல்லாம உள்ள விட மாட்டாங்க, வாசல்லயே ஜெபத்தை முடிச்சுட்டு ஃப்ளைட்டுக்கு 3 மணி நேரம் முன்னாடி நீங்க உள்ள போயிடுங்க.