கருநிறத் தோலுக்கு லேசர்: பணம் கட்டும் முன் அலைநீளத்தைக் கேளுங்கள்

மாநிறமோ கருநிறமோ உடையவர்கள் முடி நீக்கும் லேசர் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன், இயந்திரம் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகைதானா என்று கேட்டு, தாடையோரத்தில் சிறிய இடத்தில் மட்டும் சோதித்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. அலெக்ஸாண்ட்ரைட் என்ற மற்றொரு வகை லேசரின் 755 நானோமீட்டர் ஒளியை மேல்தோலுக்கு நிறம் தரும் மெலனின் மிகுதியாக உறிஞ்சிச் சூடாவதால் தோல் வெந்து கருந்திட்டு விழக்கூடும். 1064 ஒளியை அது குறைவாகவே உறிஞ்சுவதால், வெப்பம் ஆழத்திலுள்ள முடிவேரைச் சென்றடைகிறது. கருந்திட்டு பெரும்பாலும் நாள் கழித்தே தலைகாட்டும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் இணங்க வேண்டாம். நரைமுடியில் ஒளியைப் பிடிக்க மெலனின் இல்லாததால் அதற்கு இந்த லேசர் பயன்படாது. மெல்லிய பூனைமுடிக்கும் பலன் குறைவே. முகத்தில் மங்கு உள்ளவர்கள் தோல் மருத்துவரிடம் காட்டாமல் சோதனையைக்கூடச் செய்துகொள்ளக் கூடாது.